கடைசி மீன் எந்தப் பக்கம்?

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனத்தில் உதித்ததல்ல, மின்னஞ்சலில் வந்தது. ஒரு தொழில் இதழுக்கு மாதாமாதம் கட்டுரை எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். (கதை என் ஆசை, கட்டுரை என் வயிறு.) ஆசிரியர் தொண்ணூறு பக்க அறிக்கை ஒன்றை அனுப்பி, இதை ஆட்கள் படிக்கிற மாதிரி இரண்டு பக்கமாக்கிக் கொடு என்றார். தலைப்பு: 'தொழில்துறை வாட்டர்ஜெட் வெட்டுச் சந்தையின் இன்றைய நிலை.'

தொண்ணூறு பக்கத்திலும் சந்தை வளர்ந்துகொண்டே இருந்தது. வளர்கிறவர்களுக்குச் சட்டை பத்தாமல் போகும், நேரங்கெட்ட நேரத்தில் பசிக்கும். இந்தச் சந்தைக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை, வரைபடத்தில் ஒரு கோடு மட்டும் மேலே ஏறிக்கொண்டிருந்தது. எத்தனை விழுக்காடு என்று இங்கே எழுதப் போவதில்லை. என்னால் அதை நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

முக்கியமான குறை வேறு. தொண்ணூறு பக்கத்தில் ஓர் ஆள் கிடையாது. யாரோ ஒருவர் ஈரக் கையோடு எங்கோ நின்றால்தானே இந்தக் கோடு ஏறும்? அவரைத் தேடித்தான் வாட்டர்ஜெட் இருக்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். போகாமல் இருந்திருந்தால் அவர்களுக்கு ஒரு பெரிய தலைவலி மிச்சமாகியிருக்கும். அது ஐந்தாம் பகுதியில் வருகிறது.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

'அதிகாலைச் சூரியனின் பொற்கதிர்கள் பட்டறையின் தகரக் கூரைமேல் பட்டுத் தெறிக்க—'

நான் போனது காலை பதினொன்றேகாலுக்கு. அன்று மேகமூட்டம்.

'தண்ணீர் மென்மையானது என்று யார் சொன்னது?'

இது கட்டுரைக்காரன் எழுதியது. கேள்வி கேட்டுவிட்டு அடுத்த வரியில் தானே பதில் சொல்வான்.

'தன் இயந்திரத்தைக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்பதைச் சொட்டு சாப்பாட்டு மேசையில்தான் தெரிந்துகொண்டாள்.'

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

தன் இயந்திரத்தைக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்பதைச் சொட்டு சாப்பாட்டு மேசையில்தான் தெரிந்துகொண்டாள். அண்ணி பாத்திரத்தை நகர்த்தி வைத்தபடி, மாதக் கடைசியில் லேசர்காரர் வருகிறார் என்றாள். பழைய வாட்டர்ஜெட்டை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் புது லேசர் இயந்திரத்தை நிறுத்திவிடுவாராம்.

சொட்டு என்பது பட்டப்பெயர். பதினொரு வருடமாக அந்த இயந்திரத்தை ஓட்டுகிறாள். வீட்டுக்குள் நுழையும்போது முழங்கையிலிருந்தாவது ஒரு சொட்டு தரையில் விழும் என்பதால் அண்ணி வைத்த பெயர். பட்டறை அண்ணியுடையது. சொட்டின் அண்ணன் வெளியூரில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை வருவார், பட்டறை வாசலில் நின்று சத்தம் அதிகமாக இருக்கிறதே என்பார், போய்விடுவார். ஆக நாத்தனாரும் அண்ணியும்தான் எல்லாம்.

வாட்டர்ஜெட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: தண்ணீரை அசுர அழுத்தத்தில் முடியளவு துளை வழியாகப் பீய்ச்சி, அதில் கார்னெட் என்ற சிவப்பு மணலைக் கலந்துவிட்டால், அது கல், இரும்பு, கண்ணாடி எதையும் வெட்டும். சூடு கிடையாது, பொறி பறக்காது. சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும்.

அண்ணி சொன்னதிலும் நியாயம் இருந்தது. மெல்லிய இரும்புத் தகடு வேலையெல்லாம் லேசருக்குப் போய்விட்டது, அது அவ்வளவு வேகம். முன்பெல்லாம் பட்டறைச் சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகையில் ஆர்டர் எழுத இடம் போதாது. இப்போது பாதிப் பலகையில் 'குடையை மறக்காதே' என்று எழுதியிருந்தது.

"லேசருக்கு இரும்பு மட்டும்தான் பிடிக்கும் அண்ணி. இதுக்கு எல்லாமே பிடிக்கும்" என்றாள் சொட்டு.

"பிடிச்சு என்ன பண்றது? கொண்டு வந்து குடுக்க ஆள் வேணுமே."

இங்கேதான் மீன்கள் வருகின்றன. குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்குத் தரை போடும் ஒப்பந்தக்காரர், தரைக்காரர் என்றே சொல்வோம், ஒரு வேலை கொண்டுவந்தார். எக்ஸ்ரே அறைக்குப் போகும் நடைபாதையில் நாற்பத்தெட்டு நீலக் கற்கள், எல்லாம் சதுரம். ஒவ்வொன்றின் நட்டநடுவிலும் ஒரு சிவப்புக் கல் மீன் பதிந்திருக்க வேண்டும். எல்லா மீன்களின் தலையும் எக்ஸ்ரே அறையைப் பார்க்க வேண்டும். பயந்துகொண்டு வருகிற பிள்ளைகள் மீன் பின்னாலேயே போய்விடுவார்கள் என்பது யோசனை. மருத்துவமனைப் பொறியாளர் பார்த்துச் சரி என்றால் இன்னும் இரண்டு மாடிக்கு வேலை உண்டு.

அந்த இரண்டு மாடி கிடைத்தால் லேசர்காரரைத் திருப்பி அனுப்பிவிடுவதாக அண்ணி வாக்குக் கொடுத்தாள். சொட்டு அன்று இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டாள்.

4

ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லேசர்காரர்.

கதை என்றால் எதிராளி வேண்டும். அவருக்கு முறுக்கு மீசை வைத்தேன், கறுப்புக் கண்ணாடி மாட்டினேன், 'தண்ணியெல்லாம் இனிமே குடிக்கத்தான் மேடம்' என்று ஒரு வசனமும் எழுதினேன். நேரில் பார்த்தால் மனிதர் தங்கமாக இருக்கிறார். இடத்தை அளக்க நாடாவோடு வந்தவர், இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டியடியில் சேறாகிக் கிடந்த மணலைச் சொட்டு அள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஒரு மண்வெட்டியை எடுத்துவிட்டார்.

லேசரில் கல் வெட்ட வருமா என்று சொட்டு அவரைக் கேட்டாள். மழுப்பியிருக்கலாம். மண்வெட்டியை ஊன்றி நின்று யோசித்துவிட்டு, வராதும்மா என்றார்.*

* அவரைக் கெட்டவராக்க மூன்று முறை முயன்று தோற்றேன். வசனத்தை வேறு கதைக்கு வைத்துக்கொள்கிறேன்.

5

இப்போது அந்தத் தவறு.

தண்ணீர் வெட்டுகிற விளிம்பு நேர் செங்குத்தாக இருக்காது, சற்றுச் சரிந்திருக்கும். மேலே வெட்டு அகலம், கீழே ஒடுக்கம். அதனால் நீலக் கல்லில் வெட்டிய பள்ளம் மேலே விரிந்திருக்கும், மீனோ மேலே குறுகியிருக்கும். அப்படியே வைத்தால் சுற்றிலும் இடுக்குத் தெரியும். இதற்குச் சொட்டு ஒரு வழி வைத்திருந்தாள். மீனை மட்டும் கல்லின் பளபளப்பான முகத்தைக் கீழே போட்டு, கவிழ்த்து வெட்டுவாள். வெட்டியதைப் புரட்டினால் மேலே அகலம், கீழே ஒடுக்கம். பாட்டிலுக்குத் தக்கை போல அழுந்தி உட்காரும், இடையில் நகம் போகாது.

கவிழ்த்து வெட்டுவதால், படத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்ற வேண்டும். அது ஒரு பொத்தான். சொட்டு அதை அழுத்த மறந்ததே இல்லை. அன்றும் மறக்கவில்லை. அதுதான் வினை.

தரைக்காரரிடம் படம் வரைபவர் ரொம்பப் பொறுப்பானவர். பட்டறைக்காரர்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று மீனை அவரே மாற்றி வைத்து, படத்தின் மூலையில் 'ஏற்கெனவே இடவலம் மாற்றியாயிற்று' என்று பொடி எழுத்தில் குறித்தும் அனுப்பியிருந்தார். மாற்றியதை மாற்றினால் பழையபடி ஆகிவிடும். நாற்பத்தெட்டு மீனும் எதிர்த்திசை மீன்களாக வெட்டுப்பட்டன. சிவப்புக் கல்லில் மிச்சம் உள்ளங்கையளவு. அதே நிறத்தில் இன்னொரு பலகைக் கல் கிடைக்காது என்று தரைக்காரர் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்.

(முதல் பிரதியில் இந்தப் பகுதி இத்தோடு முடிந்தது. இரண்டு நாள் மனசு கேட்கவில்லை. மீதியையும் சொல்கிறேன்.)

சொட்டு படத்தைத் திரையில் திறந்து, பெரிதாக்கி, மூலைக்கு வந்துவிட்டாள். கண்ணைச் சுருக்கி அந்தப் பொடி எழுத்தைப் படிக்கத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நின்ற ஒரு அறிவாளி, 'தண்ணீர் எப்படிங்க கல்லை வெட்டுது?' என்று கேட்டான். அவள் நல்லவள். திரும்பி, கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். திரும்ப வந்து பொத்தானை அழுத்தினாள்.

அந்த அறிவாளி நான்தான். அன்றைக்கு அவள் சொன்ன விளக்கம் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. நீங்கள் அதைப் படித்துத் தெரிந்துகொள்ள அவர்கள் கொடுத்த விலை நாற்பத்தெட்டு மீன்.

6

இந்தப் பகுதியில் சந்தையில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு பட்டியல் இருந்தது. சொட்டு பிறகு இதைப் படித்துவிட்டு, இதில் எங்கள் பட்டறை எந்த வரியில் வருகிறது என்று கேட்டாள். இருவரும் விரல் வைத்துத் தேடினோம். கடைசி வரியில், 'இதர' என்ற இடத்தில் இருந்தார்கள். பட்டியலை எடுத்துவிட்டேன்.

7

நீலக் கல் ஒன்றில் முதல் பள்ளத்தை வெட்டி, மீனை எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வால் போக வேண்டிய இடத்தில் வாய் இருந்தது. திருப்பினால் முதுகுத் துடுப்பு வயிற்றில் முட்டியது. சொட்டு இன்னொரு மீனை எடுத்தாள். இன்னொன்று. பத்தாவது மீனுக்கு மேல் எடுக்கவில்லை.

அண்ணி வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நான் சுவரோரம் ஒதுங்கினேன். அவள் மணல் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

"படம் வரைஞ்சவரும் நீயும் பொறுப்பா இருந்ததால வந்த தப்பு இது. யார நான் திட்டுறது?" என்றாள்.

சொட்டுக்கு அழுகை வந்தது. அவள் முகம் எப்போதும் ஈரமாகவே இருப்பதால் யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் தெரிந்தது. அண்ணி தன் துண்டை எடுத்து நீட்டினாள். நான் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்து, குற்ற உணர்ச்சியில் ஒரு முடிவு எழுதினேன். வெட்கக்கேடுதான், இருந்தாலும் கீழே அப்படியே வைத்திருக்கிறேன்.

[முடிவு ஒன்று: மாதக் கடைசி. மழை. எதிர்த்திசை மீன்கள் எக்ஸ்ரே அறையை விட்டு வாசலை நோக்கி நீந்துவதைப் பார்த்த பொறியாளர் உதட்டைப் பிதுக்கினார். அன்று மாலையே லாரி வந்தது. வாட்டர்ஜெட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். அதன் வாயிலிருந்து கடைசியாக ஒரு சொட்டு, கண்ணீரைப் போல—]

இதை மன்னிப்புக் கேட்கும் வகையில் மறுநாள் காலை சொட்டுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"எழுத்தாளரே, மழைக் காலமே முடிஞ்சுபோச்சு, மழ எங்கேர்ந்து வந்துச்சு?"

சூழலுக்காக என்றேன்.

"சரி விடுங்க. இதென்ன, வாசலைப் பாத்து நீந்துதுன்னு எழுதியிருக்கீங்க? வாசலைப் பாத்தா கல்ல திருப்பி வைக்க வேண்டியதுதானே? சதுரக் கல்லுதானே அது. தரையில போய் எது மேல, எது கீழ..."



"இருங்க" என்றாள்.

போனை வைக்காமல் எங்கோ நடந்தாள். கல்லைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. அதைச் சுற்றிச் செருப்புச் சத்தம், ஒரு சுற்று, இரண்டு சுற்று. பிறகு தூரத்தில் "அண்ணி!" என்று ஒரு குரல். பிறகு பம்ப் ஓடும் சத்தம். என்னை மறந்துவிட்டார்கள்.

நடந்தது இதுதான். பதினொரு வருடத்தில் அவள் வெட்டியதெல்லாம் பெயர்ப்பலகை, சுவர் அலங்காரம், இயந்திரத்தின் உதிரி என்று மேல்கீழ் உள்ள பொருள்கள். திரையிலும் படத்துக்கு மேல்கீழ் உண்டு. அதனால் இடப்பக்கம் பார்க்கும் மீன் தவறான மீன்தான் என்று அவள் கண் தீர்மானித்துவிட்டது. தரையில் கிடக்கும் மீனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மீனை மாற்ற முடியாவிட்டால் என்ன, பள்ளத்தை மாற்றி வெட்டலாம். நீலக் கல்லில் வீணானது ஒன்றுதான், உபரியாக இரண்டு இருந்தன. பிறகு கல்லை அரைவட்டம் திருப்பிப் பதித்தால் தலை எக்ஸ்ரே அறைப் பக்கம் வந்துவிடும். ஜன்னல் பக்கம் இருக்க வேண்டிய முதுகு சுவர்ப் பக்கம் இருக்கும், அவ்வளவுதான்.

தரைக்காரரிடம் அண்ணியே ஒன்றையும் மறைக்காமல் சொல்லிக் கேட்டாள். படத்தில் தலையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது, முதுகு எங்கே இருந்தால் யாருக்கு என்ன என்றார் அவர். பொறியாளர் மட்டும் தலை விஷயத்தில் கறார், ஒவ்வொன்றாக எண்ணுவார் என்றும் சொன்னார்.

ஒரு மோசமான முடிவு எழுதி நான் ஒரு பட்டறைக்கு உதவியிருக்கிறேன். எத்தனை எழுத்தாளர்களால் இதைச் சொல்லிக்கொள்ள முடியும்?

8

[முடிவு இரண்டு: எல்லாம் சுபம். பொறியாளர் கைகுலுக்கினார். சந்தை வளர்ந்தது.]

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆசிரியர்கூட இது போதும் என்றார். ஆனால் கடைசிக் கல்லைப் பதிக்கிற நாள் நானும் அங்கே இருந்தேன்.

பொறியாளர் மறுநாள் காலை வருவதாக ஏற்பாடு. நடைபாதையில் நாற்பத்தேழு மீன்கள் வரிசையாக எக்ஸ்ரே அறையைப் பார்த்து நீந்திக்கொண்டிருந்தன. ஒரு மீனைச் சுற்றியும் இடுக்கு இல்லை. அண்ணி நகத்தை வைத்து ஒன்றிரண்டைச் சோதித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது சொட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தத் தட்டை நான் பார்த்தேன். கதையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

தரைக்காரர் கடைசிக் கல்லுக்கான இடத்தில் பசை தடவி முடித்தபோது எக்ஸ்ரே அறைக் கதவு திறந்தது. அங்கே படமெடுக்கிற அம்மாள் வெளியே வந்து, காலைத் தூக்கித் தூக்கி மீன்களை மிதிக்காமல் நடந்துவந்தார். அழகாக இருக்கிறது என்றார். கொஞ்சம் தயங்கி நின்றார்.

"ஒண்ணு கேக்கலாமா? இங்க வர்ற பிள்ளைங்க எல்லாம் எங்கிட்ட ஒரே கேள்விதான் கேக்கும். எப்ப வீட்டுக்குப் போகலாம்னு. இதுல எல்லா மீனும் உள்ளயே போகுதே. ஒண்ணாவது வெளிய வர்ற மாதிரி வைக்க முடியுமா?"

தரைக்காரர் பசைக் கரண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். அவருக்கு எப்படி என்றாலும் சம்மதம், பதில் சொல்ல வேண்டியது பட்டறைதான் என்பது அந்தத் துடைப்பிலேயே தெரிந்தது. அண்ணி, படத்தில் உள்ளதுதான் வேதம் என்றாள். ஏற்கெனவே ஒரு தடவை தப்பிப் பிழைத்திருக்கிறோம், நாளைக்கு அவர் ஒவ்வொன்றாக எண்ணும்போது ஒரு தலை மாறி இருந்தால் இரண்டு மாடியும் போச்சு, இயந்திரமும் போச்சு என்றாள். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி.

சொட்டு அந்தக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். சதுரக் கல். எப்படி வைத்தாலும் உட்காரும். அந்த இயந்திரம் இல்லாமல் அவளுக்கு ஒரு நாள் கழியாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவள் கதவைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள்.

"அண்ணி, முதல் தப்பு தெரியாம பண்ணுனது" என்றாள். "இத பண்றதா இருந்தா தெரிஞ்சே பண்ணணும்."

அண்ணி குனிந்து அந்த மீனின் விளிம்பில் நகத்தை வைத்துப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"எழுத்தாளரே, நீங்கதான் முடிவு எழுதுற ஆளாச்சே?"

9

எனக்கு அந்தத் தகுதி இல்லை என்பது இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒரு தரம் நான் வாயைத் திறந்ததில் நாற்பத்தெட்டு மீன் திரும்பிக்கொண்டன. முடிவு எழுதி அனுப்பியதில் காலம் தவறி மழை பெய்தது. இந்த முறை வாயை இறுக்கி மூடிக்கொண்டு நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

[முடிவு மூன்று: சொட்டு கல்லைத் தூக்கி,]

காற்புள்ளியோடு விட்டிருக்கிறேன். அறிக்கையில் தேடினேன், தொண்ணூறு பக்கத்திலும் இதற்குப் பதில் இல்லை. பொறியாளர் எண்ணுகிறவர்தான். அவரும் எப்போதாவது யாரையாவது எக்ஸ்ரே அறை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. சொட்டுக்கும் தெரியாது.

நீங்கள் இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். ஆளையும் தெரியும், இயந்திரத்தையும் தெரியும், கதவு எது வாசல் எது என்றும் தெரியும். தரைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பசை இறுக இருபது நிமிடம், அதில் நான் பேசியே எட்டு நிமிடம் போக்கிவிட்டேன். சொட்டு எழுந்து வந்து கல்லை உங்களிடம் நீட்டுகிறாள்.

ஏழெட்டுக் கிலோ இருக்கும், ஈரமாகவும் இருக்கும். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.